மலைநாட்டு வீட்டில் இஞ்சி பியர்: குறைந்த செலவில் சாமான்களை மேம்படுத்துவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒரு பானை, ஒரு வாளி, வடிகட்ட ஒரு துணி, நாலைந்து பழைய சோடா போத்தல். இவ்வளவு இருந்தாலே வீட்டில் இஞ்சி பியர் போடலாம். ஒரு முறை உறைப்பாக, மறுமுறை சப்பென்று, இன்னொரு முறை போத்தலைத் திறந்ததும் பாதி தரையில் என்று ஆளை அலைக்கழிக்கும்போதுதான் எல்லோரும் புதுச் சாமான் தேடுகிறார்கள். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கம். கொழும்பு வெயிலுக்கு எழுதிய குறிப்பு இங்கே அப்படியே சரிவராது.

இது மதுபானம் இல்லையா? சட்டப்படி சரியா?

இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். வீட்டில் பார்லி பியர் காய்ச்சுவதும் அதில் அடங்கும். ஆகவே அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை. இஞ்சி பியரில் ஈஸ்ட் போடுவது கேஸ் ஏற்றுவதற்கு மட்டும். ஈஸ்ட் சீனியைத் தின்னும்போது கேஸும் அற்ககோலும் ஏறத்தாழ சம எடையில் உண்டாகும் என்பதால், கேஸ் ஏறிய இஞ்சி பியரில் அரை வீதம் அளவுக்கு அற்ககோல் இருக்கத்தான் செய்யும். அந்த இடத்தில் நிறுத்தி ஃபிரிட்ஜில் வைப்பதுதான் இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா அளவுக்கும் அடிப்படை. துளியும் வேண்டாம் என்பவர்கள் இஞ்சிப் பாணி காய்ச்சி, பாணி 1 பங்குக்குக் கடைச் சோடா 4 பங்கு என்று கலந்து குடிக்கலாம். அதற்கு ஈஸ்டும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம்.

கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது. முதலில் எதை வாங்குவது?

தராசு, வெப்பமானி. இந்த இரண்டுக்கும் பிறகுதான் மற்றதெல்லாம். குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரமும் மூடி அழுத்தும் கருவியும் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சீனி எவ்வளவு போட்டீர்கள், ஈஸ்ட் போடும்போது சூடு எவ்வளவு என்று தெரியாவிட்டால் அந்த அழகுப் பாத்திரத்திலும் அதே சப்பென்ற பியர்தான் வரும். 1 கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதும்.

ஈஸ்டின் அளவு 1 கிராமுக்கும் குறைவு என்பதால் அந்தத் தராசில் அது சரியாகப் பிடிபடாது. அதற்கு ஒரு வழி உண்டு. 3 கிராம் ஈஸ்டை 300 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து 80 மில்லிலீற்றர் எடுத்தால் 0.8 கிராம் ஈஸ்ட் கிடைத்துவிடும்.

அதற்கடுத்து வாங்க வேண்டிய வரிசை: குளிரைச் சமாளிக்க ஒரு ரெஜிஃபோம் பெட்டி, ஹைட்ரோமீட்டர் (பானத்தில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று காட்டும் கருவி), குழாய் வைத்த வாளி. கண்ணாடிப் போத்தல் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால்.

5 லீற்றருக்கு அடிப்படை அளவு என்ன?

இஞ்சி 250 கிராம், சீனி 500 கிராம், எலுமிச்சைச் சாறு 100 மில்லிலீற்றர், இரண்டு அங்குலக் கறுவாப்பட்டை, கராம்பு 4, உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டி (ஏறத்தாழ 0.8 கிராம்). எல்லாம் சேர்ந்து 5 லீற்றர் வரும்படி தண்ணீர்.

இஞ்சியைத் தட்டி இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை 2 லீற்றர் தண்ணீரில் கறுவா, கராம்போடு 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்துச் சீனியைக் கரைத்து, மற்றப் பங்கு இஞ்சியைப் போட்டு மூடி அரைமணி நேரம் வையுங்கள். பச்சை இஞ்சியின் உறைப்புக்குக் காரணமான ஜிஞ்சரோல் நெடுநேரம் வெந்தால் மாறி, காரம் தணிந்து இனிப்பு வாசம் வரும். இரண்டு பங்காகப் போட்டால் வாசமும் இருக்கும், தொண்டையில் பிடிக்கும் உறைப்பும் இருக்கும். பிறகு துணியில் வடித்து, கொதித்து ஆறிய தண்ணீரால் 5 லீற்றராக நிரப்பி, எலுமிச்சைச் சாறு சேருங்கள். 30 பாகைக்குக் கீழே வந்த பின்புதான் ஈஸ்ட். ஈஸ்டை 35 முதல் 40 பாகை வரையான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து ஊற்றிக் கலக்கி, உடனே போத்தல்களில் நிரப்புங்கள். 50 பாகையைத் தாண்டிய தண்ணீரில் போட்டால் அது செத்துவிடும். கேஸ் ஏறவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

நுவரெலியாவில் இருக்கிறோம். மூன்று நாளாகியும் கேஸ் ஏறவில்லை. ஈஸ்ட் கெட்டதா?

பெரும்பாலும் குளிர்தான். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான். தை, மாசியில் விடியற்காலையில் புல்லில் உறைபனியே விழும். பாண் ஈஸ்டுக்குப் பிடித்தது 25 முதல் 30 பாகை. 25 பாகையில் ஒன்றரை நாளில் ஏறும் கேஸ் 16 பாகையில் நாலைந்து நாள் எடுக்கும். அவசரப்பட்டு ஈஸ்டைக் கூட்டிப் போடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கேஸ் கொஞ்சம் சீக்கிரம் வரலாம், ஆனால் பியர் முழுக்கப் பாண் வாசம் அடிக்கும், அடியில் தடிப்பாகக் கசடு தங்கும்.

மீன் கடைகளில் ஐஸ் போட்டு வரும் ரெஜிஃபோம் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்தால் வாடை போய்விடும். போத்தல்களை உள்ளே நிறுத்தி, 60 பாகைச் சுடுதண்ணீர் நிரப்பிய 1 லீற்றர் போத்தல் ஒன்றை நடுவில் வைத்து மூடுங்கள். அந்தச் சுடுதண்ணீருக்குக் கண்ணாடிப் போத்தலோ ரப்பர் வெந்நீர்ப் பையோ வேண்டும். கண்ணாடியென்றால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் அலசிவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். கணக்கு இப்படி வரும்: 16 பாகையில் 5 லீற்றர் பியர், 60 பாகையில் 1 லீற்றர் தண்ணீர். சூடு வெளியே போகாவிட்டால் இரண்டும் 23 பாகையில் வந்து நிற்கும். பெட்டியால் கொஞ்சம் கசியும் என்பதால் 21, 22 என்று எதிர்பார்க்கலாம். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றினால் போதும். வெப்பமானியைப் பெட்டிக்குள் போடாமல் ஒரு போத்தலின் பக்கத்தில் துணியால் சுற்றிக் கட்டுங்கள். காற்றின் சூடு ஒன்று, பியரின் சூடு வேறு.

விறகடுப்பு உள்ள வீட்டில் அடுப்புக்குப் பின்பக்கத் திட்டு நல்ல இடம். அடுப்பு எரியும்போது அங்கே 30 பாகையைத் தாண்டுகிறதா என்று ஒரு நாள் அளந்து பார்த்துவிட்டு வையுங்கள். ரெஜிஃபோம் பெட்டிக்குள் மின்குமிழ் எரியவிடுவதைச் சிலர் செய்கிறார்கள். ரெஜிஃபோம் எளிதில் தீப்பிடிக்கும். தயவுசெய்து வேண்டாம்.

மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதே, அது பிரச்சினையா?

சிறிய விஷயம்தான். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் ஹட்டனில் 96 பாகை அளவிலும் நுவரெலியாவில் 94 பாகை அளவிலும் கொதிக்கும். இஞ்சிச் சாறு இறங்க ஐந்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துச் சரிபார்ப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: நுவரெலியாவில் அது 94 என்று காட்டினால் வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறது.

எந்த வாளி நல்லது?

அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற இலக்கம் உள்ள, உணவுக்கென்று செய்த வாளி. பேக்கரிகளுக்கு மார்ஜரினும் ஜாமும் வரும் வெள்ளை வாளிகளை மலிவாகக் கேட்டு வாங்கலாம். பெயின்ட் வாளி எத்தனை முறை கழுவினாலும் கூடாது. உட்புறத்தைக் கம்பித் தேய்ப்பானால் தேய்க்காதீர்கள், கீறலுக்குள் கிருமி குடியேறும். கையால் தடவிக் கீறல் பட்டால் வாளியை மாற்றுங்கள். அலுமினியச் சட்டியில் இஞ்சி அவிக்கலாம், ஆனால் எலுமிச்சைச் சாறு சேர்த்த பிறகு அதில் வைத்திருக்க வேண்டாம்.

குழாய் பொருத்துவதென்றால் அடியிலிருந்து 2 சென்டிமீற்றர் மேலே துளையிடுங்கள். கசடு கீழேயே நின்றுவிடும். உள்ளேயும் வெளியேயும் ரப்பர் வாஷர் போட்டு, ஒரு இரவு வெறும் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்த பின்பே பாவியுங்கள். ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும். வாளி பளபளவென்று இருந்தும் பியர் புளிக்கிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குழாயின் உட்பக்கத்தைத்தான்.

ஏர்லொக் வேண்டுமா?

வேண்டாம். உள்ளே உண்டாகும் கேஸை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு அது; வாரக்கணக்கில் வாளியில் கிடக்கும் பானத்துக்குத்தான் தேவை. இஞ்சி பியர் உடனே போத்தலுக்குப் போய்விடுகிறது. அந்தப் பணத்தை ஹைட்ரோமீட்டருக்கு வையுங்கள்.

ஹைட்ரோமீட்டரால் இதில் என்ன பயன்?

சீனி எவ்வளவு இருக்கிறது, ஈஸ்ட் எவ்வளவைத் தின்றிருக்கிறது என்ற இரண்டையும் அது ஒன்றே சொல்லும். 20 பாகையில் வெறும் தண்ணீரில் 1.000 காட்ட வேண்டும். லீற்றருக்கு 100 கிராம் சீனி என்றால் 1.038 அளவில் நிற்கும். எலுமிச்சையும் இஞ்சியும் சேர்ந்து ஒன்றிரண்டு புள்ளி (0.001, 0.002) கூட்டலாம். ஈஸ்ட் போட்டவுடன் உள்ள அளவை எழுதி வையுங்கள்.

இங்கிருந்து 0.004 இறங்கினால் லீற்றருக்கு 10 கிராம் சீனி போயிருக்கிறது என்று பொருள். அதிலிருந்து 5 கிராம் கேஸ் வரும், கடைச் சோடாபோல் சுரீரென்று இருக்க அது போதும். அற்ககோல் அரை வீதம். 1.038 என்று தொடங்கியது 1.034 காட்டும்போது வேலை முடிந்தது, ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். 1.028 வரை போய்விட்டதென்றால் அற்ககோல் 1.3 வீதம், போத்தலுக்குள் ஆபத்தான அழுத்தம்.

அளக்கும்போது ஒரு நுணுக்கம். கேஸ் உள்ள பானத்தில் அப்படியே போட்டால் குமிழிகள் ஹைட்ரோமீட்டரின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும், அளவு கூடிக் காட்டும். ஒரு குவளையிலிருந்து மற்றதற்கு ஏழெட்டு முறை மாற்றி ஊற்றி, நுரை அடங்கிய பின் அளந்து பாருங்கள். தண்டைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றி விட்டால் மிச்சக் குமிழியும் உதிரும். அளந்ததைத் திரும்ப ஊற்றாமல் குடித்துவிடுங்கள்.

எந்தப் போத்தல்? தண்ணீர்ப் போத்தல் ஆகுமா?

தண்ணீர்ப் போத்தல் ஆகாது. அது அழுத்தத்துக்குச் செய்ததல்ல. சோடா, கோலா வந்த பெட் (பிளாஸ்டிக்) போத்தலின் அடியைப் பாருங்கள், பூவிதழ்போல் ஐந்து கால்கள் இருக்கும். அந்த வடிவம்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது. மூடிக்குள் மெல்லிய வளையம் சேதமில்லாமல் இருக்க வேண்டும். கேஸ் ஏறாமல் போவதற்கு மூடிக் கசிவும் ஒரு காரணம்: மூடிய போத்தலைத் தலைகீழாகப் பிடித்து அமுக்கினால் தெரிந்துவிடும்.

நிரப்பும்போது மேலே 5 சென்டிமீற்றர் விடுங்கள். பிறகு போத்தலின் நடுவை அமுக்கி, பானம் வாய் வரை ஏறும்போது மூடியை இறுக்குங்கள். நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். கேஸ் ஏற ஏற அந்தப் பள்ளம் வெளியே வந்து, பின் போத்தல் விறைக்கும். திறக்காத கடைச் சோடாவைப் போல் கைக்கு இறுகினால் ஃபிரிட்ஜில் வைக்கும் நேரம். காலை, பகல், இரவு என்று தொட்டுப் பாருங்கள். 25 பாகையில் 24 முதல் 36 மணி நேரத்தில் வந்துவிடும்.

அடிப்பகுதி வெளியே தள்ளி, போத்தல் நேராக நிற்காமல் ஆடினால் அழுத்தம் எல்லை மீறிவிட்டது. அசைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த பின், துணியைப் போர்த்தி, மூடியைக் கால் சுற்று மட்டும் திருப்பிக் கேஸை விடுங்கள்.

பியர் போத்தலும் மூடி அழுத்தும் கருவியும் வாங்கலாமா?

எங்கள் பதில்: வேண்டாம். இஞ்சி பியரில் நாம் ஈஸ்டை நிறுத்தும் இடத்தில் இன்னும் லீற்றருக்கு 90 கிராம் சீனி மிச்சம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் நின்றால் ஈஸ்ட் மறுபடி தொடங்கும். அந்தச் சீனி முழுவதும் கேஸானால் எந்தக் கண்ணாடியும் தாங்காது. பெட் போத்தல் விறைத்து உங்களுக்குச் சொல்லும், கண்ணாடி சொல்லாமல் வெடிக்கும். போத்தலோடு கொதிநீரில் வைத்து ஈஸ்டைக் கொல்லலாம் என்று சிலர் சொல்வார்கள். கேஸ் நிறைந்த கண்ணாடியைச் சூடாக்குவதைவிட அபாயமான வேலை இந்தச் சமையலறையில் வேறில்லை. பரிமாற அழகு வேண்டுமென்றால் குளிர்ந்த பின் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றிக் கொடுங்கள்.

கிருமி நீக்க மலிவான வழி?

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். அழுக்கின் மேல் எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு வாசனை சேர்க்காத வெளுப்புத் திரவம் 1 மேசைக்கரண்டி, 4 லீற்றர் தண்ணீரில் கலந்து 20 நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரால் வாசம் போகும் வரை அலசுங்கள். வெளுப்புத் திரவத்தோடு வினிகரோ எலுமிச்சையோ சேரவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். பெட் போத்தலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிப்போகும்.

பீலித் தண்ணீர் ஆகுமா?

ஆகும், கொதிக்க வைத்த பிறகு. மேலே தோட்டத்தில் உரமோ மருந்தோ அடிக்கும் காலத்திலும் பெருமழை பெய்து கலங்கிய நாளிலும் எடுக்க வேண்டாம், கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இரசாயனம் போகாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் இருந்தால் திறந்த பானையில் கொதிக்கவிட்டால் போய்விடும்.

எந்த இஞ்சி?

நாட்டு இஞ்சி. விரல் சிறியது, நார் கூட, உறைப்பும் வாசமும் கூட. பெரிய சீன இஞ்சி சுத்தம் செய்ய எளிது, ஆனால் மென்மை. அதைப் போட்டால் 250 கிராமுக்குப் பதில் 350 கிராமாவது எடுங்கள். சிவப்புச் சீனி நல்ல நிறம் தரும். ஒரு பங்கு சீனிக்குப் பதில் கித்துள் பாணி சேர்த்தால் அருமையான வாசம். பாணியில் தண்ணீரும் இருப்பதால் ஹைட்ரோமீட்டரைப் பார்த்து 1.038க்குக் கொண்டுவாருங்கள்.

ஈஸ்ட் வாங்காமல் இஞ்சியிலிருந்தே புளிக்கவைக்க முடியுமா?

முடியும், சுவையும் ஆழமாக வரும். 400 மில்லிலீற்றர் கொதித்து ஆறிய தண்ணீரில், தோலோடு துருவிய இஞ்சி 2 தேக்கரண்டியும் சீனி 2 தேக்கரண்டியும் போட்டுத் துணியால் மூடுங்கள். தினமும் அதே அளவு சேர்த்துக் கலக்குங்கள். 25 பாகையில் ஒரு வாரத்துக்குள் நுரைக்கும், குளிரில் பத்து நாள் ஆகலாம். 5 லீற்றருக்கு 250 மில்லிலீற்றர் வடித்து ஊற்றுங்கள். இதன் வேகம் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் நாள் எண்ணாமல் போத்தலைத் தொட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மேலே பச்சை, கறுப்புப் பூஞ்சணம் கண்டால் சுரண்டி எடுத்துப் பாவிக்காமல் முழுவதையும் கொட்டுங்கள்.

திறந்ததும் நுரை பொங்கிப் பாதி போய்விடுகிறது. ஏன்?

சூடாகத் திறந்திருப்பீர்கள், அல்லது இஞ்சித் துகள் கிடக்கிறது. குளிர்ந்த பானத்தில்தான் கேஸ் கரைந்து நிற்கும், ஆகவே குறைந்தது ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருக்கட்டும். துகள் ஒவ்வொன்றும் குமிழி பிறக்கும் இடம், எனவே இரண்டாம் முறை மெல்லிய துணியில் வடியுங்கள்.

பானம் கொழகொழவென்று நூல் இழுக்கிறது.

சீனியைப் பசையாக்கும் பற்றீரியா நுழைந்துவிட்டது. கொட்டிவிட்டு, பழைய துணியையும் ரப்பர் வாஷரையும் மாற்றுங்கள். வினிகர் வாசம் என்றால் வாளியில் திறந்தபடி அதிக நேரம் கிடந்திருக்கிறது.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.

அப்படியென்றால் 2 லீற்றர் மட்டும் போட்டு, விறைத்த அன்றே குடித்து முடியுங்கள். 16 பாகைக் குளிர் ஈஸ்டைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஓடும் பீலியில் வைத்தாலும் அப்படித்தான். அடிக்கடி வேண்டுமென்றால் சோடாவில் கலக்கும் பாணி முறையே உங்களுக்கு ஏற்றது.

நுவரெலியாவில் செய்ததைக் கொழும்புக்குப் பஸ்ஸில் கொண்டுபோகலாமா?

ஐஸ் போட்ட பெட்டியில் மட்டும். 4 பாகையிலிருந்து 25 பாகைக்குப் போனால் போத்தலுக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அதற்கு மேல் கீழ்நாட்டு வெக்கையில் ஈஸ்டும் விழித்துக்கொள்ளும். கண்டி தாண்டும் முன்பே விறைக்கத் தொடங்கும். உறவினருக்குக் கொடுக்கும்போது வெளியே வைக்க வேண்டாம் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கும் சீனி வருத்தக்காரருக்கும்?

200 மில்லிலீற்றர் கிளாஸில் 18 கிராம் சீனி, நாலரைத் தேக்கரண்டி. நீரிழிவுள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சோடா கலந்த பாணியைக் கொடுங்கள்.

விற்கலாமா?

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இதற்கும் பொருந்தும். முதலில் உங்கள் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். விற்பனைக்கு அற்ககோல் சேராத பாணி முறைதான் சிக்கலில்லாதது.

5 லீற்றரிலிருந்து 20 லீற்றருக்குப் போக என்ன வாங்க வேண்டும்?

பெரிய பானை வேண்டாம். 1 கிலோ இஞ்சி, 2 கிலோ சீனியை 6 லீற்றர் தண்ணீரில் காய்ச்சி, முந்தின நாளே கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரால் வாளியில் நிரப்பினால், பெரும்பகுதி தண்ணீர் ஏற்கெனவே ஆறியிருப்பதால் காத்திருக்கும் நேரமும் மிச்சம். ஈஸ்ட் 1 தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 400 மில்லிலீற்றர். ஆனால் 20 லீற்றர் என்றால் 1.5 லீற்றர் போத்தல் 14. அத்தனையும் ஒரே நாளில் விறைக்கும், ஒரே நாளில் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து எத்தனை போத்தல் நிற்கும் என்று எண்ணுங்கள். ஏழுதான் நிற்குமென்றால் 10 லீற்றர் போடுங்கள், வாளியையும் அந்த அளவுக்கே வாங்குங்கள்.